நேர்முகத் தேர்வுக்குப் பிறகு யு.பி.எஸ்.சி. தரும் சேவை: காத்திருப்போர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் குடிமைப் பணித் தேர்வைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் வினாத்தாளையும் பாடத்திட்டத்தையும் வென்றவர்களையும் சுற்றியே நின்றுவிடுகிறது. முதல்நிலைத் தேர்வு, முதன்மை எழுத்துத் தேர்வு ஆகியவற்றுக்குப் பின் வரும் கடைசிக் கட்டமான ஆளுமைத் தேர்வை முடித்துவிட்டு, புது டெல்லி ஷாஜகான் சாலையில் உள்ள ஆணையத்தின் அலுவலகமான தோல்பூர் ஹவுஸிலிருந்து ஒருவர் வெளியே வந்த நேரம் தொடங்கி இறுதிப் பட்டியல் வெளியாகும் நாள் வரையிலும், அதற்குப் பின்னும், ஆணையம் அவருக்கு என்னென்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது என்பது அபூர்வமாகவே பேசப்படுகிறது. நம் ஊரில் இன்டர்வியூ என்று மட்டுமே சொல்லப்படும் அந்த உரையாடலுக்குப் பிறகு கிடைக்கும் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். இந்தத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு நெடுங்காலமாகப் பழகி வருபவன் என்பதால், அவர்களுடைய வீடுகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி நேர்முகம் முடிந்த பிறகு முடிவை வெளியிடும் வேகத்திலும், தேர்வாகாதவருக்கும் அவருடைய மதிப்பெண்ணை ஒளிக்காமல் கொடுக்கும் நேர்மையிலும், ஆட்களை வேலைக்கு எடுக்கும் வேறு எந்த அமைப்பையும் இதற்கு இணையாக என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமயம், எந்த நாளில் முடிவு வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்காமல் இருப்பது, ஏற்கெனவே கனமான ஒரு காத்திருப்பை மேலும் கனமாக்குகிறது. இது எளிதில் நீக்கக்கூடிய குறை என்பதால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றுகிறது.

வேகத்தைப் பற்றிய சான்றுகள் தெளிவானவை. 2022ஆம் ஆண்டுத் தேர்வுக்கான நேர்முகங்கள் 2023 மே 18 அன்று முடிந்தன. இறுதி முடிவு மே 23 அன்று வந்தது. 2023ஆம் ஆண்டுத் தேர்வில் கடைசி நேர்முகம் 2024 ஏப்ரல் 9, முடிவு ஏப்ரல் 16. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் கடைசி நேர்முகம் 2025 ஏப்ரல் 17, முடிவு ஏப்ரல் 22. அந்த ஆண்டு 2,845 பேர் நேர்முகத்துக்குத் தகுதி பெற்று, அவர்களில் 1,009 பேர் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். இத்தனை பேருடைய எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் பல குழுக்கள் வழங்கிய நேர்முக மதிப்பெண்களையும் சேர்த்து, இடஒதுக்கீட்டு விதிகளின்படி வரிசைப்படுத்தி, ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் வெளியிடுவது சாதாரண உழைப்பில்லை. பத்துப் பேரை நேர்முகம் கண்டு ஒருவரை எடுக்கும் நிறுவனங்கள், அந்த ஒருவரின் பெயரை முடிவு செய்ய மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இந்த ஐந்து நாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஏப்ரல் 17 அன்று கடைசி அமர்வில் உட்கார்ந்தவருக்கு அது ஐந்து நாள் காத்திருப்பு. முதல் நாளான ஜனவரி 7 அன்று சென்றவருக்கோ அது 105 நாள். அதற்கு முந்தைய சுற்றிலும் ஜனவரி 2 அன்று தொடங்கிய நேர்முகங்களில் முதல் நாள் சென்றவர் ஏப்ரல் 16 வரை அதே 105 நாளைக் கடந்திருக்கிறார். எல்லாக் குழுக்களும் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகே தரவரிசை உருவாக முடியும் என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு தேர்வு முறையோடு பிறந்தது. அதற்காக ஆணையத்தைக் குறைசொல்வது நியாயம் ஆகாது. எந்த நாள், முற்பகலா பிற்பகலா என்பதும் விண்ணப்பதாரரின் விருப்பத்தில் இல்லை. அட்டவணை வெளியான பிறகு தேதியையோ நேரத்தையோ மாற்றக் கேட்கும் கோரிக்கைகள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை என்று ஆணையமே அறிவித்துவிடுகிறது. ஆகவே ஒருவர் ஐந்து நாள் காத்திருப்பாரா, மூன்றரை மாதம் காத்திருப்பாரா என்பது அட்டவணையில் அவருடைய பதிவெண் எந்தத் தேதிக்கு எதிரே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜனவரியில் சென்று வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று பிப்ரவரியில் கவலைப்படாதீர்கள், கடைசி நேர்முகத் தேதியைப் பாருங்கள், அதற்கு முன்னால் யாருக்கும் எதுவும் வராது.

இந்த நீண்ட இடைவெளியில் விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருப்பது மிகவும் குறைவு என்பதுதான் உண்மையான சுமை. முதன்மைத் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 1,750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2,025. நேர்முகத்துக்குப் போகிறவர் எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பது தெரியாது. இறுதி முடிவு வரும் வரை அந்த எண் வெளியிடப்படுவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்கும் அது தெரியாமல் வைக்கப்படுவது சரியான ஏற்பாடு. நேர்முகம் முடியும் முன்னரே எழுத்து மதிப்பெண்ணை வெளியிடக் கூடாது என்பதும் அதே காரணத்தால் சரியே. என்றாலும் அதன் விளைவாக, குழுவின் தலைவர் புன்னகைத்தாரா, கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்று சொன்னது பாதகமா என்பதையே திரும்பத் திரும்ப எடைபோட்டுக்கொண்டு பிள்ளைகள் வாரக்கணக்கில் உழல்வதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அந்த அறையில் நடந்ததை வைத்து மதிப்பெண்ணை ஊகிக்க வழியே இல்லை என்பதை அவர்களுக்கு அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. கலகலப்பாகப் போனதாக நினைத்தவர் 140 வாங்குவதும், சொதப்பிவிட்டதாக அழுதவர் 180 வாங்குவதும் நடக்கக்கூடியதே.

இடைக்காலத்தில் ஆணையத்தின் பக்கமிருந்து நடக்கும் நடைமுறைகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இரண்டாம் வகுப்பு அல்லது ஸ்லீப்பர் ரயில் கட்டண அளவுக்குப் பயணச் செலவைத் திருப்பித் தருகிறார்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரண்டு இரவுப் பயணம் செய்து வரும் பிள்ளைக்கு அது தொகையைவிட மரியாதையாகப் பெரியது. மற்றொன்று மருத்துவப் பரிசோதனை. முடிவு வருவதற்கு முன்பே, நேர்முகத்தை அடுத்த வேலை நாளில் டெல்லியின் அரசு மருத்துவமனைகளில் அது நடந்துவிடுகிறது. மீண்டும் ஒருமுறை டெல்லிக்கு வரவேண்டியதில்லை என்ற வகையில் இது விண்ணப்பதாரரை மனத்தில் வைத்து அமைத்த ஏற்பாடு. மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்ததாலேயே தேர்வாகிவிட்டோம் என்று சில குடும்பங்கள் நம்பிவிடுவதும் உண்டு. அப்படிப் பொருள் இல்லை. அது நேர்முகத்துக்கு வரும் எல்லோருக்கும் பொதுவானது.

இனி, எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இடத்துக்கு வருகிறேன். காத்திருக்கும் காலமும் அடுத்த ஆண்டுத் தேர்வின் நாள்காட்டியும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. 2024ஆம் ஆண்டுத் தேர்வின் நேர்முகங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, 2025 ஜனவரி 22 அன்று அடுத்த தேர்வுக்கான அறிவிக்கை வந்தது. விண்ணப்பக் காலம் பிப்ரவரியில் முடிந்தது. அதாவது, தேர்வாகிவிட்டோமா என்று தெரியாத நிலையிலேயே, தேர்வாகாதவராகத் தன்னைக் கருதிக்கொண்டு ஒருவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முடிவு ஏப்ரல் 22 அன்று வந்தது. அடுத்த முதல்நிலைத் தேர்வு மே 25. தேர்வாகாதவர்களுக்கு அந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டு, மறுபடியும் பொது அறிவுப் புத்தகங்களைத் திறக்கக் கிடைத்தது 33 நாள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிலைமை இதைவிடக் கடுமை. 2022ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2023 மே 23 அன்று வந்தது, அடுத்த முதல்நிலைத் தேர்வு மே 28 அன்று நடந்தது. இடையில் ஐந்தே நாள்.

இதில் இன்னொரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளை எழுதினாலே ஒரு வாய்ப்பு கழிந்ததாகக் கணக்கு. பொதுப் பிரிவினருக்கு மொத்தம் ஆறு வாய்ப்புகள், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது. ஆகவே எழுதலாமா, ஓராண்டு விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க ஒருவருக்குத் தன் மதிப்பெண் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் நழுவியவர் எடுக்கும் முடிவும், ஐம்பது மதிப்பெண்ணில் நழுவியவர் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது. மதிப்பெண் பட்டியலோ, இறுதி முடிவு வந்து 15 நாளுக்குள் இணையத்தில் வரும் என்றுதான் ஆணையத்தின் அறிவிப்பு சொல்கிறது. 2023இல் நடந்ததுபோல் இடைவெளி ஐந்து நாளாகச் சுருங்கும்போது, அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்க நேரமே இல்லை. நேர்முகத்துக்கு வந்தவர்கள் லட்சக்கணக்கானோரிலிருந்து வடிகட்டப்பட்டு வந்தவர்கள். 2024இல் விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். அந்தப் பெருங்கூட்டத்தில் எஞ்சிய 2,845 பேருக்காக நாள்காட்டியில் இரண்டு மாத இடைவெளியைக் கட்டாயமாக்குவது ஆணையத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது அன்று. 2024இல் மக்களவைத் தேர்தலை முன்னிட்டு முதல்நிலைத் தேர்வை மே 26இலிருந்து ஜூன் 16க்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு முடிவுக்கும் தேர்வுக்கும் நடுவே இரண்டு மாதம் கிடைத்தது. வேறு காரணத்துக்காக நேர்ந்த அந்த இடைவெளி, காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அந்த ஆண்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

முடிவுத் தேதியை முன்பே அறிவிப்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், எந்தத் தேர்வின் முடிவு எந்த மாதத்தில் வரக்கூடும் என்ற உத்தேச அட்டவணையைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு, அவ்வப்போது திருத்தியும் வருகிறது. அந்த அட்டவணையில் சில தேதிகள் தள்ளிப்போயிருக்கின்றன என்பதும், விண்ணப்பதாரர்கள் அதற்காக வருந்தியிருக்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆனாலும் உத்தேசமாக ஒரு மாதத்தைக் கையில் கொடுப்பதற்கும் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில் உள்ள வேறுபாடு, தினமும் காலையில் கைபேசியைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். யு.பி.எஸ்.சி.யின் ஆண்டு நாள்காட்டி தேர்வு நடக்கும் தேதிகளைப் பல மாதங்களுக்கு முன்பே, பாராட்டத்தக்க துல்லியத்தோடு சொல்கிறது. முடிவுத் தேதிக்கான பத்தி மட்டும் அதில் இல்லை. கடைசி நேர்முகத்திலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் என்ற வழக்கத்தைத் தொடர்ந்து கடைப்பிடித்துக் காட்டிவிட்ட அமைப்பு, அதையே எழுத்தில் ஒரு வாக்குறுதியாக அழைப்புக் கடிதத்தில் அச்சிட்டுவிட்டால் போதும்.

முடிவு வெளியாகும் விதம் எளிமையானது. ஒரு பிடிஎஃப் கோப்பு வருகிறது. அதில் பரிந்துரைக்கப்பட்டவர்களின் பெயரும் பதிவெண்ணும் தரவரிசைப்படி இருக்கின்றன. தனிப்பட்ட மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பு. இந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: பெயரை வைத்துத் தேடாதீர்கள், பதிவெண்ணை வைத்துத் தேடுங்கள். 2022ஆம் ஆண்டுத் தேர்வு முடிவின்போது பெயர் ஒற்றுமையைக் கொண்டு தேர்வாகாத இருவர் தாங்களே அந்த இடத்துக்கு உரியவர்கள் என்று கோரியதும், அந்தக் கோரிக்கைகள் போலி என்று ஆணையம் விளக்க அறிக்கை வெளியிட்டதும் நினைவிருக்கலாம். அவசரத்தில் பெயரைக் கண்டு வீட்டில் இனிப்பு வழங்கிவிட்டுப் பிறகு எண்ணைச் சரிபார்ப்பது யாருக்கும் நேரக் கூடாது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. தேர்வானவர்களின் எழுத்து மதிப்பெண், நேர்முக மதிப்பெண், மொத்தம் ஆகியவை பொதுவெளியில் வெளியிடப்படுகின்றன. தேர்வாகாதவர் தன் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தன் மதிப்பெண் பட்டியலைத் தாள்வாரியாகப் பார்க்கலாம். பிரிவுவாரியான கட்-ஆஃப் தனியாக வருகிறது. 2023ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப் பிரிவின் இறுதிக் கட்-ஆஃப் 953. முதலிடம் பெற்றவரின் மொத்தம் 1,099, அதில் எழுத்து 899, நேர்முகம் 200. அடுத்த ஆண்டு முதலிடம் பெற்றவரும் நேர்முகத்தில் 200தான் வாங்கினார், எழுத்தில் 843. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் பட்டியலைப் பார்க்கும் பிள்ளைக்கு, தான் எங்கே நின்றோம், விருப்பப் பாடத்திலா கட்டுரையிலா நேர்முகத்திலா எதில் இழந்தோம் என்பது ஓரளவு தெளிவாகிவிடுகிறது. காரணங்கள் எழுதித் தரப்படுவதில்லை. நேர்முக மதிப்பெண் ஏன் இவ்வளவு என்று கேட்கவும் இடமில்லை. ஆனாலும் இத்தனை எண்களைத் தருவதே பெரிய கொடை.

தனியார் துறையோடு ஒப்பிட்டால்தான் இதன் மதிப்பு முழுமையாக விளங்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் நான்கு சுற்று நேர்முகம் முடித்தாள். மனிதவளப் பிரிவிலிருந்து பேசியவர், அடுத்த வாரம் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவள் எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை, அழைத்தால் எடுப்பார் இல்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்பதை அவள் பல வாரங்கள் கழித்து, அங்கே சேர்ந்தவரின் வாயிலாகத்தான் அறிந்தாள். அவளைத் தேர்ந்தெடுக்காதது அந்த நிறுவனத்தின் உரிமை. அதை அவளிடம் சொல்லாமல் விட்டது அவமதிப்பு. நான்கு நாள் விடுப்பெடுத்துத் தங்களுக்காக வந்து உட்கார்ந்த ஒருவருக்கு இரண்டு வரி எழுதக்கூட முடியாத நிறுவனங்கள், ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தேர்வாகாதவர்களுக்கும் தாள்வாரியாக மதிப்பெண் தரும் இந்த அரசியலமைப்பு அமைப்பிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

தேர்வாகாதவர்களுக்கான இன்னொரு வசதியும் பலருக்கும் தெரியாமலே இருக்கிறது. நேர்முகம் வரை வந்து பட்டியலில் இடம் பெறாதவர்களில், விருப்பம் தெரிவித்தவர்களின் விவரங்களை வேலை தரும் அமைப்புகள் பார்க்கும்படி வைக்கும் திட்டத்தை ஆணையம் 2018இல் தொடங்கியது. 2025இல் அது பிரதிபா சேது என்ற பெயரில் புதிய இணையதளமாக மாறி, பதிவு செய்துகொண்ட தனியார் நிறுவனங்களும் அணுகக்கூடியதாக விரிந்தது. அங்கே பெயர் இருப்பதாலேயே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று கட்டங்களைக் கொண்ட தேர்வில் கடைசி வாசல் வரை வந்தவரின் உழைப்பு, பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அழிந்துவிடாமல் ஓர் ஆவணமாக நிற்கிறது என்பது நல்ல சிந்தனை. விருப்பத்தைக் கேட்கும் கட்டத்தை யோசிக்காமல் தாண்டிவிடாதீர்கள். தேர்வாகப்போகிறோம் என்ற நம்பிக்கையில் வேண்டாம் என்று குறித்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டு. முதல் பட்டியலில் நிரப்பப்படாத இடங்களுக்கு, அதற்கு அடுத்த தகுதி வரிசையில் இருப்பவர்களை ஆணையம் சில மாதங்கள் கழித்துப் பரிந்துரைக்கிறது. முதல் முடிவில் பெயர் இல்லாமல் போய், கட்-ஆஃபுக்கு மிக அருகில் மதிப்பெண் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது அது வெளியாகும் வரை ரகசியமாகவே வைக்கப்படுவதால், இதை நம்பி அடுத்த தேர்வுக்கான படிப்பை நிறுத்திவைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நேரில் கேட்க வேண்டியவை இருந்தால், ஆணைய வளாகத்திலேயே தேர்வு அரங்கின் அருகில் ஒரு உதவி மையம் இருக்கிறது. வேலை நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை நேரிலோ தொலைபேசியிலோ விளக்கம் பெறலாம். டெல்லியில் இருப்பவர்களுக்கு இது எளிது. தென்கோடியிலிருந்து அழைப்பவர்களுக்குத் தொலைபேசி மட்டுமே வழி, அங்கே பேச்சு இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதவும், நேர்முகத்தில் தமிழில் பேசவும் அனுமதிக்கும் ஓர் ஆணையம், விசாரணைக்கும் அதே மொழிகளில் ஏற்பாடு செய்தால், தமிழ்வழியில் படித்து அங்கே வரை சென்ற பிள்ளைகளின் பெற்றோரும் தாங்களே அழைத்துக் கேட்க முடியும். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் அகில இந்திய அளவில் 23ஆம் இடம் பெற்று, தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்தவர் மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி பெற்றவர். இத்திட்டத்தின் வழியாக மேலும் பல முதல் தலைமுறைப் பிள்ளைகள் தோல்பூர் ஹவுஸ் வரை செல்லும்போது இந்தத் தேவை இன்னும் கூடும்.

தேர்வானவர்களுக்கும் காத்திருப்பு அத்தோடு முடிவதில்லை. இந்திய ஆட்சிப் பணியா, காவல் பணியா, வருவாய்ப் பணியா என்ற ஒதுக்கீட்டை ஆணையம் செய்வதில்லை. அதை மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை செய்கிறது. தரவரிசையின் நடுப்பகுதியில் இருப்பவர்கள் முசோரிப் பயிற்சிக்குப் புறப்படும் காலம் நெருங்கும் வரைகூடத் தங்கள் பணி எது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பார்கள். அது வேறொரு துறையின் சேவை என்பதால் இங்கே மேலும் போகவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. தேர்வாகாதவர்களின் மதிப்பெண் பட்டியல் இணையத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே இருக்கும். பார்க்க மனம் வராமல் தள்ளிப்போட்டவர்கள் பிறகு தேடும்போது அது நீக்கப்பட்டிருக்கும். அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டும் என்றில்லை. வீட்டில் வேறு யாரேனும் ஒருவர் அதைப் பதிவிறக்கி, அச்செடுத்து, ஓர் உறையில் போட்டு வைத்துவிடட்டும்.